கிதார் வாசிக்கத் தெரியாத கிதார் மேதை – லியோ ஃபெண்டர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்



சென்ற பருவத் தேர்வு முடிந்த மாலை. பொருளியல் துறையில் பயிலும் என் நண்பன் ஓர் ஐயத்தோடு என்னிடம் வந்தான். அவன் கிதார் வாசிப்பவன். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அவன் கையில் இருந்தது. அந்தப் பணத்துக்குள் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்க விரும்பினான். எதை வாங்கலாம் என்பது அவன் கேள்வி. இயற்பியல் மாணவன் என்ற தகுதியோடு, எத்தனை வாட் கூடுதலோ அத்தனை நல்லது என்று நான் உடனே சொல்லிவிட்டேன்.

எனக்கு இசை தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் இசைக்கருவி எதுவும் இருந்ததில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் போலச் சொல்லிவிட்டோமே என்று அன்றிரவு உறுத்தியது. நான் சொன்னது தவறானால் வீணாகப் போவது என் பணமா? அவனுடைய இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அல்லவா! மறுநாள் முதல் தேடிப் படித்தேன். அப்போது ஒரு மனிதரின் வாழ்க்கை என் முன் விரிந்தது. உலகம் போற்றும் கிதார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் படைத்த அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! அவர்தாம் லியோ ஃபெண்டர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் உள்ள கலிஃபோர்னியா மாநிலம் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆனஹைம், ஃபுல்லர்ட்டன் ஆகிய ஊர்களுக்கு இடையே ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில், 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் பிறந்தார். உழைத்து உண்ணும் உழவர் குடும்பம் அது. எட்டு வயதில் அவருடைய இடக் கண்ணில் கட்டி தோன்றியது. கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. அன்று முதல் கண்ணாடிக் கண்ணோடுதான் அவர் வாழ்ந்தார்.

பதின்மூன்று வயதில் அவருக்கு ஒரு பரிசு வந்தது. கார்களின் மின் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த அவருடைய மாமா, கழித்துப் போட்ட வானொலிப் பாகங்களையும் ஒரு பாட்டரியையும் பெட்டியில் இட்டு அனுப்பியிருந்தார். அடுத்த ஆண்டு சாண்டா மரியா என்ற ஊரில் இருந்த மாமாவின் கடைக்குச் சிறுவன் சென்றான். மாமா தம் கையாலேயே செய்து கடையின் முன்புறம் வைத்திருந்த வானொலி உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. அந்த ஒலி அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பள்ளிப் பருவத்திலேயே அண்டை அயலாரின் வானொலிகளைப் பழுது பார்க்கத் தொடங்கிவிட்டான்.

கணக்கரும் கடனும்

மின்னியலில் இத்தனை ஆர்வம் கொண்டவர் கல்லூரியில் படித்தது என்ன தெரியுமா? கணக்கியல்! 1928இல் பள்ளிப் படிப்பை முடித்து, ஃபுல்லர்ட்டன் ஜூனியர் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். மின்னியலில் அவர் பெற்ற பட்டம் எதுவும் இல்லை. எல்லாம் தாமே கற்றது. படிப்பு முடிந்தபின் பனிக்கட்டி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் நடன அரங்குகளுக்கு ஒலிபெருக்கி அமைப்புகளைச் செய்து கொடுத்தார். 1934இல் எஸ்தர் என்ற பெண்மணியை மணந்தார். மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் பணி கிடைத்தது.

அது பெரும் பொருளாதார மந்தக் காலம். நெடுஞ்சாலைத் துறையில் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டது. அடுத்து ஒரு டயர் நிறுவனத்தில் கணக்கரானார். ஆறே மாதத்தில் அந்த வேலையும் போயிற்று. வேறொருவராயின் மூன்றாவது வேலை தேடி அலைந்திருப்பார். ஃபெண்டரோ 1938இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனுக்குத் திரும்பினார். ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்று பெயர்ப் பலகை மாட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

அந்தப் பட்டறையே அவருடைய உண்மையான பல்கலைக்கழகம் எனலாம். வானொலி, இசைத்தட்டுக் கருவி, ஆம்ப்ளிஃபயர் என எது கெட்டாலும் அவரிடம் வந்தது. எந்தப் பாகம் முதலில் தீய்கிறது, எந்தப் பற்றாசு விடுகிறது, எந்தப் பெட்டி வண்டிப் பயணத்தில் உடைகிறது என்பதை அவர் நாள்தோறும் கண்ணால் கண்டார். பின்னாளில் தாம் செய்த கருவிகளை எளிதில் திறந்து எளிதில் பழுது பார்க்கும் வகையில் அவர் அமைத்ததற்கு இதுவே காரணம்.

வால்வின் வேலை

இங்கே வால்வைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு தகடு சூடேற்றப்படும். அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, எதிரே உள்ள நேர்மின் தகட்டை நோக்கிப் பாயும். இரண்டுக்கும் நடுவே கம்பி வலை போன்ற கிரிட் இருக்கிறது. கிரிட்டில் சிறிய மின் அலையைக் கொடுத்தால் பெரிய மின்னோட்டம் அதற்கேற்பக் கூடும், குறையும். மடைப் பலகையைச் சிறிது அசைத்தால் வாய்க்கால் நீர் முழுவதும் கூடிக் குறைவதைப் போன்றது இது. கிதாரின் கம்பிக்குக் கீழே உள்ள காந்தச் சுருளில் எழும் நுண்ணிய மின் அலை, இவ்வாறு படிப்படியாகப் பெருகி ஸ்பீக்கரை அசைக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. வால்வுக்கு அதன் ஆற்றலுக்கு மீறிய வேலையைக் கொடுத்தால், ஒலி அலையின் முகடுகள் மழுங்குகின்றன. மூல அலையில் இல்லாத மேல் சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. பொறியியல் நோக்கில் இது குறைபாடு. இதற்குச் சிதைவு என்று பெயர். ஆனால் வால்வில் இந்த மழுங்கல் சிறிது சிறிதாக வருவதால், கிதாரின் குரல் கனிந்து தடிப்பதாகக் காதுக்குத் தோன்றுகிறது. மெல்ல மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் கரகரப்பு என்று, வாசிப்பவரின் விரலுக்குக் கருவி பணிகிறது. டிரான்சிஸ்டரும் கணிப்பொறியும் வந்த பின்னரும் கிதார் கலைஞர்கள் வால்வைக் கைவிடாததற்கு இதுவே காரணம். ருஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன.

பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு

இரண்டாம் உலகப் போரின்போது, கண் குறைபாட்டால் ஃபெண்டர் படையில் சேர்க்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில் டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதாரையும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரையும் செய்யத் தொடங்கினார். தொழில் பெரிதாகக் கடனும் பெரிதாகும் என்று அஞ்சிய காஃப்மன் 1946இல் விலகிக்கொண்டார். ஃபெண்டர் விலகவில்லை. அதே ஆண்டில் பிரின்ஸ்டன், டீலக்ஸ், புரொபஷனல் என்ற மூன்று ஆம்ப்ளிஃபயர்களை மரப் பெட்டிகளில் அமைத்து வெளியிட்டார். பின்னர், பயணப் பெட்டிகளின் மேல் ஒட்டும் உறுதியான துணியைப் பெட்டிகளுக்கு ஒட்டினார். ஊர் ஊராகச் செல்லும் கலைஞனுக்கு அழகைவிட உழைப்பே முக்கியம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கிதார்கள் அடுத்து வந்தன. 1950இல் அவர் வெளியிட்ட கட்டை உடல் கிதார், 1951 முதல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. அதே 1951இல் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் பேஸ் கிதார் வந்தது. 1954இல் வந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். இவற்றின் புகழை நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அந்தக் கிதார்களுக்குக் குரல் கொடுத்தவை அவருடைய ஆம்ப்ளிஃபயர்கள் என்பதை மறத்தல் ஆகாது.

கேட்கும் காது

கிதார் வாசிக்கத் தெரியாதவர் இத்தனையும் எப்படிச் செய்தார்? இசைக் கலைஞர்களைக் கேட்டார்! புதிய கருவியைச் செய்தவுடன் அருகிலுள்ள அரங்குகளில் வாசிப்பவர்களிடம் கொடுத்து விடுவார். அவர்கள் சொல்லும் குறைகளைக் குறித்துக்கொண்டு மீண்டும் பட்டறைக்குள் நுழைவார். தம் கருத்தை அவர்கள் மேல் ஏற்றவில்லை. தமக்குத் தெரியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதுவே அவருடைய பெரும்பலம் ஆயிற்று.

ஃபெண்டருக்குப் பிடித்தது நாட்டுப்புற இசையும் அதன் ஸ்டீல் கிதாரும். கண்ணாடி போன்ற தெளிந்த ஒலியையே அவர் நாடினார். கரகரப்பைக் குறைக்கவே பாடுபட்டார். கலைஞர்களோ வேறு விதமாகக் கேட்டார்கள். 1950களின் இறுதியில் டிக் டேல் என்ற இளைஞர், கடல் அலைபோல் பாயும் சர்ஃப் இசையைக் கலிஃபோர்னியாவின் பல்போவா கடற்கரை அரங்கில் முழக்கி வந்தார். அவர் வாசித்த வேகத்திலும் உரப்பிலும் ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீய்ந்தன. ஃபெண்டர் சினம் கொள்ளவில்லை. தம் உதவியாளர் ஃப்ரெடி டவாரசுடன் அந்த அரங்குக்கே நேரில் சென்று, கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார் என்று டிக் டேல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பட்டறையில் போதுமாக இருந்த ஒலி, கூட்டம் நிறைந்த அரங்கில் போதாது என்பது அங்கேதான் தெரிந்தது. அதன் பயனாக, 15 அங்குல ஸ்பீக்கரும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் கொண்ட ஷோமேன் என்னும் ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. 1961இல் எதிரொலி தரும் ரிவெர்ப் பெட்டியும் தனியே வெளிவந்தது.

சிறு பெட்டியும் பெரும் பெட்டியும்

நண்பனின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. ஃபெண்டர் ஒரே ஒரு சிறந்த ஆம்ப்ளிஃபயரைச் செய்ய முயலவில்லை. வெவ்வேறு இசைக்கும், வெவ்வேறு அரங்குக்கும், வெவ்வேறு பணப்பைக்கும் ஏற்பப் பல பெட்டிகளைச் செய்தார்.

அவற்றுள் மிகச் சிறியது சாம்ப். கற்கும் மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது. மூன்றே வால்வுகள், ஓர் 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு குமிழ், ஏறத்தாழ 5 வாட் திறன். மலிவான கருவிதானே என்று ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. சிறிய வால்வு எளிதில் தன் எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே வீட்டு அறையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும், அண்டை வீட்டாரை எழுப்பாமலே அந்தக் கனிந்த கரகரப்பு கிடைத்துவிடும். 1970இல் எரிக் கிளாப்டன் தம் புகழ்பெற்ற லைலா இசைத்தொகுப்பைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது இந்தச் சாம்ப் வகைப் பெட்டியைத்தான். ப்ளூஸ் இசைக்கும் பழைய ராக் இசைக்கும் இது போதும்.

அடுத்தது டீலக்ஸ். இரண்டு 6வி6 வால்வுகள் மாறி மாறி உழைக்க, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் பாடும். பழைய துணிப் பெட்டி டீலக்ஸின் திறன் ஏறத்தாழ 15 வாட். 1963இல் வந்த டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட் தரும். சிறிய அரங்கில் டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கும். சிறிது கூட்டினால் கரகரக்கும். நீல் யங் 1959ஆம் ஆண்டின் டீலக்ஸ் ஒன்றைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருபவர். பல வகை இசையையும் வாசிப்பவருக்கு இந்த 15 முதல் 22 வாட் வரையிலான வகையே நடுவழி.

பெரியது ட்வின் ரிவெர்ப். நான்கு 6எல்6 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், 85 வாட். எவ்வளவு உரக்க வாசித்தாலும் தெளிவு குன்றாது. நாட்டுப்புற இசைக்கும், ஜாஸ் இசைக்கும், தெளிந்த மெல்லிசைக்கும் ஏற்றது. ஆனால் எடை ஏறத்தாழ 29 கிலோ! விலையும் அதற்கேற்பவே இருக்கும். திறன் கூடக் கூட, டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பும் செம்பும் கூடும். காசு அங்கேதான் கரைகிறது.

இனி என் தவறுக்கு வருகிறேன். 50 வாட் பெட்டி 5 வாட் பெட்டியைவிடப் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். மனிதக் காது அப்படிக் கேட்பதில்லை. அது மடக்கை அளவில் உணர்கிறது. திறன் இரு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடுகிறது. பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடி, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. அவ்வளவே! நல்ல செயல்திறன் உள்ள ஸ்பீக்கர் ஒன்றே திறனை இரு மடங்காக்கிய பயனைத் தந்துவிடக்கூடும். பெரிய அரங்கில் வாசிக்க நேர்ந்தால், சிறிய பெட்டியின் முன் ஒரு மைக் வைத்து அரங்கின் ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொள்ளலாம். மடக்கைப் பாடம் எனக்குத் தேர்வில் மதிப்பெண் தந்திருந்தது. அந்தப் பாடம் ஒருவனுடைய பணத்தைக் காக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

கடல் கடந்த மின்சுற்று

ஃபெண்டரின் இன்னொரு பெட்டியின் கதை சுவையானது. பேஸ் கிதாருக்காக 1952இல் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயர் வந்தது. பின்னர் அதில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் பொருத்தப்பட்டன. பேஸ் வாசிப்பவர்களைவிடக் கிதார் கலைஞர்களே அதை மிகவும் விரும்பினர். ஆனால் இங்கிலாந்தில், இறக்குமதியான ஃபெண்டர் பெட்டிகளின் விலை இளைஞர்களுக்கு எட்டவில்லை. லண்டனில் டிரம்ஸ் கடை நடத்தி வந்த ஜிம் மார்ஷல், 1962இல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் துணையோடு, பேஸ்மேன் மின்சுற்றைப் பின்பற்றி உள்நாட்டில் கிடைத்த பாகங்களால் ஓர் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினார். அதுவே ஜேடிஎம்45. பாகங்களும் ஸ்பீக்கர்களும் மாறியதால் ஒலியும் மாறிற்று. ராக் இசையின் முழக்கம் அங்கே பிறந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை மார்ஷல் பெட்டியில் இணைத்து உலகை வியக்க வைத்தார். தெளிந்த ஒலியைத் தேடியவரின் மின்சுற்றிலிருந்தே இடிமுழக்கம் பிறந்தது விந்தையன்றோ! மலிவாக ஒன்று வேண்டும் என்ற ஏழை இளைஞர்களின் தேவை, புதிய இசைக்கே வழிவகுத்தது.

விற்றதும் மீண்டதும்

1950களிலிருந்து ஃபெண்டரை நோய் வாட்டியது. இனி நெடுநாள் வாழ மாட்டோம் என்றே அவர் நம்பினார். 1965ஆம் ஆண்டு ஜனவரியில் தம் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் தொடங்கிய பட்டறை அது! விற்ற பின்னர் வேறு மருத்துவர் ஒருவரின் சிகிச்சையால் உடல் தேறியது. பணம் இருந்தது, உடல்நலமும் திரும்பியது. ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாம். அவரால் இயலவில்லை. 1975இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். அந்த நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் முன்பகுதியில் டிரான்சிஸ்டரும் பின்பகுதியில் வால்வும் இருந்தன. இன்றும் செலவைக் குறைக்க இவ்வகைக் கலப்பு முறையைப் பலர் கையாளுகின்றனர். அதன் பின்னர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன் என்ற பழைய நண்பருடன் சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனத்தைத் தொடங்கி, கிதார்களைச் செம்மைப்படுத்துவதிலேயே காலம் கழித்தார். நடுக்குவாத நோய் பற்றிய பின்னரும் பட்டறைக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 1991ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் மறைந்தார். 1992இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

நான் மீண்டும் நண்பனிடம் சென்றேன். முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். இம்முறை விடை சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டேன். எங்கே வாசிக்கப் போகிறாய்? தெளிந்த ஒலி வேண்டுமா, கரகரப்பு வேண்டுமா? கையில் உள்ள பணம் போனால் வீட்டில் எது தடைப்படும்? அவன் வாசிப்பது பெரும்பாலும் வீட்டில், விரும்புவது ப்ளூஸ். பழைய பெட்டி வாங்குவதானால் வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தெரிந்தவரிடம் காட்டச் சொன்னேன். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெட்டியை இயக்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தீய்ந்துவிடும் என்றும், மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம், அனுபவம் இல்லாதவர் திறக்கலாகாது என்றும் எச்சரித்தேன். அமெரிக்க நாட்டுக்காகச் செய்த பெட்டி 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது என்பதையும் சொன்னேன்.

அவன் 5 வாட் பெட்டி ஒன்றைத்தான் வாங்கினான். மிஞ்சிய பணத்தைத் தன் தாயிடம் கொடுத்தான். அந்தச் சிறிய பெட்டி அவன் வீட்டுத் திண்ணையில் பாடிய மாலையில் நானும் அங்கே இருந்தேன். இசை எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவன் மெல்ல மீட்டியபோது தெளிந்தும், ஓங்கி மீட்டியபோது கனிந்தும் ஒலித்ததை என் காதே கேட்டது.

நண்பர்களே! முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்கு, தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒற்றைக் கண்ணோடு, மின்னியலில் பட்டம் இன்றி, கிதார் வாசிக்கத் தெரியாமல் ஒருவர் கிதாரின் குரலையே மாற்றினார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டார். கேட்டதைக் கையால் செய்து பார்த்தார். நம் பட்டங்களும் அப்படிக் கேட்கும் காதை நமக்குத் தருமானால் நாம் படித்ததற்குப் பொருள் உண்டு.